30,000 ரூபாய் ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்க்காமலே வாங்கலாமா? சித்தூர், திருப்பதியில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் திருப்பதியிலோ சித்தூரிலோ இருந்துகொண்டு சென்னை அல்லது பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் கால், மீட்டிங். வாரக் கடைசியில் பஸ் பயணம். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிடலாம்னு முடிவு பண்றீங்க. பட்ஜெட் 30,000 ரூபாய். யூடியூபில் பத்து ரிவ்யூ பார்த்தாச்சு, இஎம்ஐ கணக்கும் போட்டாச்சு. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எந்த வீடியோவும் பதில் சொல்லாது: அது உங்கள் தலையில் எப்படி உட்காரும், உங்கள் காதில் எப்படிக் கேட்கும்?

அதைத் தெரிந்துகொள்ள கடைக்குப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பாக்ஸ் ஓப்பன் பண்ணா வாங்கணும் சார்" என்பதுதான். கடையில் டெமோவுக்கு இருப்பவை பெரும்பாலும் இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய் நெக்பேண்டும் ப்ளூடூத் ஸ்பீக்கரும். விலை ஏற ஏற, தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். விலை உயர்ந்த மாடல் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும், இல்லையென்றால் "ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வந்துடும்" என்பார்கள்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீசிட்டியில் 2015இலேயே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷாவ்மி போன்கள் தயாராகத் தொடங்கின. திருப்பதியில் டிக்சன் டிவி தயாரிக்கிறது. ஆப்பிள் போன்களுக்கான கேபிள் தயாரிக்கும் ஃபாக்ஸ்லிங்க் ஆலையும் இங்கேதான். 2023 செப்டம்பரில் அங்கே தீ விபத்து நடந்தபோது அது சர்வதேசச் செய்தியானது. எலக்ட்ரானிக்ஸ் செய்யும் ஊர்தான், விலை உயர்ந்த ஹெட்ஃபோனைக் காதில் வைத்துப் பார்க்க மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது.

ரிவ்யூ பார்த்து வாங்கினா என்ன தப்பு?

தப்பில்லை. ஆனால் ரிவ்யூ எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெரிந்து பார்க்கணும்.

முதலில் விலை. அதிக விலை என்றால் நல்ல சத்தம் என்று நாம் நினைப்போம். ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்ஃபோன்களை அளந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு ஹெட்ஃபோன் எந்த அலைவரிசையை எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவருடைய முடிவு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மெட்டீரியலுக்கு, நாய்ஸ் கேன்சலிங்குக்கு, பிராண்டுக்குப் போகலாம். சத்தம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இரண்டாவது, ரசனை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் கேட்பவர்களை வைத்துச் சோதித்து, பெரும்பாலானோருக்குப் பிடிக்கும் ஒலிச் சமநிலை ஒன்றை வரையறுத்தார்கள். 'ஹார்மன் கர்வ்' என்று ரிவ்யூக்களில் அடிபடும் பெயர் அதுதான். அந்தச் சோதனைகளிலும் சுமார் 64% பேருக்குத்தான் அது அப்படியே பிடித்தது. சுமார் 15% பேர் இன்னும் கொஞ்சம் பேஸ் கேட்டார்கள், 21% பேர் பேஸைக் குறைக்கச் சொன்னார்கள். அதாவது, ரொம்பக் கவனமாக வடிவமைத்த ஒன்றுகூட மூன்றில் ஒருவருக்குச் சரியாக அமையவில்லை. ரிவ்யூ செய்பவர் எந்தக் கூட்டம், நீங்கள் எந்தக் கூட்டம்?

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல்: உடம்பு. காதுமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஒரே ஹெட்ஃபோன் இருவருக்கு இரு விதமாகக் கேட்கும். இயர்கப் காதைச் சுற்றிச் சரியாக மூடவில்லை என்றால் முதலில் போவது பேஸ். கண்ணாடி போடுபவர்களுக்கு அந்தக் கம்பியே இடைவெளி உண்டாக்கும். அப்புறம் எடை. சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். 2020இல் இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்த ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். இந்த 135 கிராம் வித்தியாசம் ஸ்பெக் ஷீட்டில் ஒரு வரி. மூன்றாவது மீட்டிங் முடியும்போது அது கழுத்தில் தெரியும்.

சத்தத்தைக்கூட ஓரளவுக்கு ஆப்பில் ஈக்வலைசர் வைத்துச் சரிபண்ணலாம். இறுக்கத்தையும் எடையையும் எந்த ஆப்பும் சரிபண்ணாது. என்னைக் கேட்டால், போட்டுப் பார்ப்பதற்கான முதல் காரணம் இசைத்தரம் இல்லை. உங்கள் மண்டைக்கும் காதுக்கும் அது ஒத்துப்போகுதா என்பதுதான்.

கடைக்காரர் ஏன் பாக்ஸைத் திறக்க மாட்டேங்கிறார்?

அவர் இடத்தில் இருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இது உதாரணத்துக்கு மட்டும். 30,000 ரூபாய் ஹெட்ஃபோனில் அவருக்கு 8% மார்ஜின் என்று வைத்தால், ஒரு பீஸுக்கு 2,400 ரூபாய். டெமோவுக்குத் திறந்த பீஸை ஆறு மாதம் கழித்து 30% தள்ளுபடியில் தள்ளிவிட்டால் 6,600 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை எடுக்கவே மூணு பீஸ் விற்கணும். சென்னை மாலில் அது ஒரு வாரத்து வியாபாரமாக இருக்கலாம். சித்தூர் ஹை ரோட்டில் அந்த மாடல் வருஷத்துக்கு மூணு போகுமா என்பதே சந்தேகம்.

இதைவிட அவருக்கு வயிற்றெரிச்சல் தருவது வேறு. அரை மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு, கடை வாசலிலேயே நின்று ஆன்லைனில் 1,500 ரூபாய் குறைவாக ஆர்டர் போடும் வாடிக்கையாளர். பொருளாதாரத்தில் இதற்கு வெகுகாலமாகவே பெயர் உண்டு: இலவசச் சவாரி. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் லெஸ்டர் டெல்சர் 1960லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு கடை செலவு செய்து பொருளை விளக்கிக் காட்டும், எந்தச் செலவும் செய்யாத இன்னொரு கடை விலையைக் குறைத்து விற்றுவிடும். கடைசியில் விளக்கிக் காட்டும் கடையே இருக்காது. நம்ம ஊரில் நடந்திருப்பது அதுதான். ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவை ஏற்க கடையும் தயாராக இல்லை, நாமும் தயாராக இல்லை.

காதுக்குள் நுழைக்கும் இயர்போன் என்றால் சுகாதாரக் காரணமும் சேர்ந்துவிடும். அதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

ஆன்லைனில் வாங்கி, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாமே?

இங்கேதான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் சட்ட உரிமை இருக்கிறது. பிரிட்டனிலும் 14 நாள். அமெரிக்காவில் போஸ் போன்ற நிறுவனங்கள் தாங்களாகவே வாரக்கணக்கில் டிரையல் தருகின்றன. யூடியூபில் நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு ரிவ்யூவர் "வாங்கிப் பாருங்க, பிடிக்கலைன்னா ரிட்டர்ன் பண்ணிடுங்க" என்று சொல்வது அந்தச் சூழலை வைத்துத்தான்.

இந்தியாவில் அப்படியொரு பொதுவான உரிமை கிடையாது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மையோ அம்சமோ இல்லாமல் இருந்தாலோ, விற்பவர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகச் செயல் என்கிறது. எல்லாமே பழுது, குறை, பொய் விளம்பரம் பற்றியவை. "பேஸ் கம்மியா இருக்கு", "காது வலிக்குது" என்பது பழுது ஆகாது.

அதனால் 'ரிட்டர்ன்' என்ற சொல்லும் 'ரீப்ளேஸ்மென்ட்' என்ற சொல்லும் ஒன்றில்லை என்பதை மனதில் வையுங்கள். பல தளங்களில் விலை உயர்ந்த ஹெட்ஃபோன்களுக்கு இருப்பது ரீப்ளேஸ்மென்ட் மட்டுமே. பழுதானால் அதே மாடலில் இன்னொன்று தருவார்கள், பணம் வராது. சில நேரம் முதலில் சர்வீஸ் சென்டரில் காட்டச் சொல்வார்கள். ஒரே மாடலுக்கே விற்பவரைப் பொறுத்து இந்த நிபந்தனை மாறும். ரிட்டர்ன், ரீஃபண்ட், வாரன்டி விவரங்களை வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. ஆகவே, ஆர்டர் போடும் அன்று அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பின்னால் வாக்குவாதம் வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

'விளம்பரத்தில் சொன்ன அம்சம்' என்ற வார்த்தைகளை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 30 மணி நேரம் பேட்டரி என்று போட்டுவிட்டு 12 மணி நேரம்தான் நிற்கிறதா? இரண்டு சாதனங்களோடு ஒரே நேரத்தில் இணையும் என்று சொல்லி, இணைய மாட்டேங்குதா? அது ரசனை சார்ந்த புகார் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் அனுமதிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை.

சரி, எங்கே போய்ப் போட்டுப் பார்ப்பது?

முதலில் உள்ளூரிலேயே கேளுங்கள், ஆனால் நேரில் போவதற்கு முன் போன் பண்ணி. "இந்த மாடல் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார், வாங்க" என்றுதான் பதில் வரும். "இந்த மாடல் டெமோ பீஸ் இருக்கா, சார்ஜ் போட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். செயின் ஷோரூம்களிலும், பிராண்டின் சொந்தக் கடைகளிலும் டெமோ பீஸ் இருக்க வாய்ப்பு அதிகம். திருப்பதி ஏர் பைபாஸ் ரோடு பக்கம் தேடும் முன் இரண்டு போன் கால் போட்டால் ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

இல்லையென்றால் பயணம்தான். திருப்பதியில் இருந்து சென்னைக்கு ரயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம். காலையில் கிளம்பினால் வேளச்சேரி, ராயப்பேட்டை மால்களில் நாலைந்து மாடல்களைப் போட்டுப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். டிக்கெட், மெட்ரோ, சாப்பாடு எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வயர் வைத்த, ஆம்ப்ளிஃபையர் கேட்கும் ரக ஹெட்ஃபோன்களைத் தேடுபவர்களுக்கும் சென்னைதான் வசதி. இந்தியாவில் அந்த ரகத்தை விற்பதில் பெயர் பெற்ற ஹெட்ஃபோன் ஜோன் சென்னையிலிருந்து இயங்கும் நிறுவனம். போகும் முன் எதைக் கேட்டுப் பார்க்க முடியும் என்று உறுதிசெய்துகொண்டு போங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதாக இருந்தால் கேபிள், கன்வர்ட்டர், இயர்பேட் வாங்கப் போங்கள். 30,000 ரூபாய் ஹெட்ஃபோனை உட்கார்ந்து கேட்டுப் பார்க்கும் இடம் அது இல்லை.

சித்தூர்க்காரர்களுக்கு பெங்களூரு கிட்டத்தட்ட சென்னை அளவு தூரம்தான், சுமார் 180 கிலோமீட்டர். 2025 செப்டம்பரில் அங்கே ஹெப்பாலில் ஆப்பிள் தன் சொந்தக் கடையைத் திறந்தது. ஏர்பாட்ஸ் மேக்ஸ் யோசனையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது. பலமனேர், கோலார் வழியாக வரும் பஸ்ஸில் மெஜஸ்டிக் வரை போகாதீர்கள். கே.ஆர்.புரத்திலேயே இறங்கி அவுட்டர் ரிங் ரோடு வழியாகப் போனால் ஒரு மணி நேர டிராஃபிக் மிச்சமாகும்.

ஆயிரம் ரூபாய் செலவு பண்ணி டெமோவுக்குப் போகணுமா என்று தோன்றும். 5,000 ரூபாய் ஹெட்ஃபோனுக்கு அது வேண்டாத வேலை. 15,000க்கு மேல் போகும்போது அந்த ஆயிரத்தை ஹெட்ஃபோன் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களுக்காக நேரம் ஒதுக்கிக் காட்டிய கடையில் விலை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் அதிகமாக இருந்தால், அங்கேயே வாங்கிவிடுங்கள். அல்லது ஆன்லைன் விலையைக் காட்டி நேராகவே பேரம் பேசுங்கள். அவர் குறைக்கவும் வாய்ப்பு உண்டு.

கையில் இருபது நிமிடம், என்ன பார்க்கணும்?

உங்கள் போனிலேயே கேளுங்கள். கடையின் டெமோ ப்ளேலிஸ்ட் எல்லா ஹெட்ஃபோனையும் அழகாகக் காட்டுவதற்காகவே தேர்ந்தெடுத்தது. ஐபோனில் எல்டாக் கோடெக் வேலை செய்யாது, ஆகவே கடையின் ஆண்ட்ராய்டு போனில் கேட்டதை வைத்து முடிவெடுத்தால் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம். வயர் மாடல்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. சென்ஹைசர் ஹெச்டி 600 போல 300 ஓம் ஹெட்ஃபோனைக் கடையின் ஆம்பில் கேட்டு மயங்கி வாங்கி வந்து போனில் சொருகினால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

பாட்டுகளை முந்தின நாளே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள். நூறு தடவை கேட்ட பாட்டுகளாக இருக்கட்டும். புதுப் பாட்டில் எது ஹெட்ஃபோனின் குறை, எது பாட்டின் தன்மை என்று பிரிக்கத் தெரியாது. திருப்பதியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல சோதனை, எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். அதில் எம்.எஸ்.ஸோடு அவருடைய வளர்ப்பு மகள் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து பாடியிருக்கிறார். இரண்டு குரல்களும் தனித்தனியாகத் தெரிகிறதா, ஒன்றாகக் குழைந்து போகிறதா என்று கவனியுங்கள். அடுத்து இளையராஜாவின் 'தளபதி' பாட்டு ஒன்று. வயலின் கூட்டம் ஏறும் இடத்தில் காது கூசுகிறதா? கடைசியாக, பேஸ் நிறைந்த இன்றைய குத்துப் பாட்டு ஒன்று. அதில் பேஸ் வரும்போது பாடகர் குரல் மங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லதாகக் கேட்கும். நம் காது அப்படித்தான். விற்பனைப் பிரதிநிதி எந்த மாடலைத் தள்ளிவிட நினைக்கிறாரோ அதன் வால்யூம் இரண்டு புள்ளி கூடுதலாக இருப்பது தற்செயலாகக்கூட இருக்கலாம்.

நாய்ஸ் கேன்சலிங்கை ஏசி ஓடும் ஷோரூமில் முழுதாகச் சோதிக்க முடியாது. அது நன்றாக வேலை செய்வது எஞ்சின் உறுமல், ஏசி இரைச்சல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த சத்தங்களில். பஸ் ஹாரனையும் பக்கத்து சீட்டுப் பேச்சையும் அது முழுசா நிறுத்தாது, எவ்வளவு விலை கொடுத்தாலும். கடையின் ஏசி யூனிட்டுக்குக் கீழே நின்று ஆன், ஆஃப் செய்து பாருங்கள். அப்புறம் பாட்டே போடாமல் இரண்டு நிமிடம் ஆன் செய்து வையுங்கள். சிலருக்குக் காதில் ஓர் அழுத்தம் தெரியும், மலை ஏறும்போது காது அடைப்பது போல. உங்களுக்கு அப்படி இருந்தால் அந்த மாடல் வேண்டாம். "பழகிடும் சார்" என்பார்கள். பழகாமலும் போகலாம்.

மீதி நேரம் முழுக்க அதைக் கழற்றாமல் இருங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு. குனியுங்கள், தலையைத் திருப்புங்கள், யாருக்காவது கால் போட்டு உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் உச்சந்தலையிலோ காதுக்குக் கீழோ ஓரிடம் உறுத்தத் தொடங்கினால், ஒரு மணி நேரத்தில் அது வலியாகும். புது ஹெட்ஃபோனின் இறுக்கம் நாளடைவில் கொஞ்சம் தளரும். உச்சந்தலையில் இறங்கும் எடை குறையாது.

போகவே முடியாதுன்னா?

சிறந்த வழி, ஆபீஸில் யாரிடம் அந்த மாடல் இருக்கிறது என்று கேட்பது. ஒருவர் அரை நாள் இரவல் கொடுத்தால் பத்துக் கடைகளுக்குச் சமம். அடுத்தது, பில்லும் வாரன்டியும் மிச்சமிருக்கும் செகண்ட் ஹேண்ட். 18,000க்கு வாங்கி, ஒரு மாதம் கேட்டு, பிடிக்காமல் 16,000க்கு விற்றால், 2,000 ரூபாய் வாடகை கொடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய பாக்ஸைத் திறந்த நிமிடமே அதைவிட அதிகம் போய்விடும். வயர்லெஸ் மாடல்களில் பேட்டரி தேய்ந்திருக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதை இப்படி வாங்க வேண்டாம்.

புதிதாக ஆன்லைனில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் திரும்பத் தரும் விற்பனையாளருக்கு 500 ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பார்சல் வந்ததும் சீலை உடைப்பதில் இருந்து சீரியல் நம்பர் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். பாக்ஸின் மேல் எம்ஆர்பி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி அச்சாகியிருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டில் தயாரான ஹெட்ஃபோனில் அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால், அது பிராண்டின் இந்திய வழியாக வராத பொருளாக இருக்கலாம். அப்படியென்றால் இங்கே வாரன்டி கேட்டுப் போனால் கைவிரிப்பார்கள். வயர்லெஸ் ஹெட்ஃபோன்களுக்கு பிஐஎஸ் பதிவும் கட்டாயம். பாக்ஸில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். பாக்ஸில் ஒரு கம்பெனி பெயரும் ஆப்பில் சம்பந்தமே இல்லாத வேறு பெயரும் வந்தால், இயர்பேடில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் அன்றைக்கே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.